எம்ஜிபி, மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர் கதவு: பிணைச்சலைப் பார்ப்பதா, தகடு மாற்றுவதா, கதவையே மாற்றுவதா?

உங்கள் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கதவைச் சாத்தும்போது பின் நுனியைக் கையால் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பின் மேல் மூலையில் பெயின்ற் உரசி இரும்பு தெரிகிறது, கீழ் மூலையில் விரல் நுழைகிறது. ஒரு பாஸ் வந்து பார்த்துவிட்டு "தகடு மாத்த வேணும்" என்கிறார். அடுத்தவர் "பிணைச்சலுக்குள்ள கட்டையை வைச்சு அமத்தினாச் சரி" என்கிறார். கொழும்பில் இருக்கும் நண்பர் இங்கிலாந்துப் புதுக் கதவின் படத்தை அனுப்புகிறார். மூன்று பேர் சொல்வதும் ஏதோ ஒரு காருக்குச் சரிதான். உங்கள் காருக்கு எது சரி என்பதுதான் கேள்வி.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கைராசியுள்ள டிங்கர்மாருக்குக் குறைவில்லை. ஆனால் அவர்கள் தினமும் பார்ப்பது வேனும் முச்சக்கரவண்டியும் ஜப்பான் காரும். அந்தக் கதவுகள் கழற்றி மாட்டினால் தம் இடத்தில் வந்து நிற்கும். 1962 முதல் 1980 வரை வந்த எம்ஜிபிக்கும், ஏறக்குறைய அதே காலத்தில் வந்த ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கும், மிட்ஜெட்டுக்கும் அப்படியில்லை. தொழிற்சாலையிலேயே கதவை அந்தந்தக் காருக்கு என்று தட்டிச் சரிக்கட்டிப் பொருத்தினார்கள். ஒரே மொடலின் இரண்டு காரில் கதவை மாற்றிப் போட்டாலும் இரண்டும் பொருந்தாமல் போகலாம். புதுக் கதவு என்றால் கஷ்டம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

விலைப்பட்டியலைக் கடைசியாகப் பாருங்கள். முதல் கேள்வி, பிழை எங்கே இருக்கிறது என்பது: கதவிலா, பிணைச்சலிலா, கதவு தொங்கும் உடம்பிலா? இரண்டாவது, கதவின் உட்சட்டம் இன்னும் சட்டமாக இருக்கிறதா, அல்லது கறள் தின்று பெயின்ற் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறதா? மூன்றாவது, வேலை செய்யப் போகும் கை எது? லேத்காரரா, டிங்கரா, இரண்டும் தெரிந்தவரா? நான்காவது, கதவின் விலைக்கு மேல் வரும் செலவு: றப்பர், கண்ணாடி ஃபெல்ட், பக்கத்து மட்கார்டின் பெயின்ற், கூரியர், சுங்கம். ஐந்தாவது, செய்தது பிழைத்தால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? இந்த ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் அரிய காரில் முதலில் செய்ய வேண்டிய வேலையைக் காட்டுவது பெரும்பாலும் அதுதான்.

இங்கே காலநிலையும் ஒரு அளவுகோல். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற கடலோர இடங்களில் வெறும் இரும்பை இரவு திறந்து வைத்தால் காலையில் செம்மஞ்சள் படிந்திருக்கும். அம்பாறை நகர் உள்நாட்டில் இருப்பதால் உப்பு குறைவு, ஈரம் குறைவில்லை. பெயின்ற் வரை போகும் எந்த வேலையையும் நவம்பரிலிருந்து ஜனவரி வரையான மாரிக்குள் தொடங்காமல் இருப்பது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் காய்வது நன்றாகக் காயும், தூசிக்குத்தான் மறைப்புக் கட்ட வேண்டும்.

## பிழையைப் பிடிப்பது

காரைச் சமதளச் சீமெந்துத் தரையில் நான்கு சில்லும் தரையில் இருக்க நிறுத்துங்கள். நான்கு ரயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். ஜெக்கில் நிற்கும் காரில் கதவு இடைவெளி பார்ப்பது வீண் வேலை. எஞ்சினும் கியர் பெட்டியும் உள்ளே இருக்க வேண்டும், கதவுக்குள் கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் பொறியும் இருக்க வேண்டும். பாரம் மாறினால் அளவும் மாறும்.

அளவெடுக்கப் பழைய வங்கி அட்டை போதும். ஒரு அட்டை 0.76 மி.மீ. தடிப்பு. ஆறு அட்டை சேர்த்தால் 4.5 மி.மீ., இந்தக் கார்களுக்கு அது நல்ல இடைவெளி. பின் விளிம்பில் மேல், நடு, கீழ். அடியில் முன், பின். முன் விளிம்பில் மேல், நடு, கீழ் என எட்டு இடத்தில் எத்தனை அட்டை நுழைகிறது என்று மாஸ்கிங் ரேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு பக்கக் கதவிலும் செய்யுங்கள்.

இப்போது முக்கியமான ஒரு வித்தியாசம். பிணைச்சல் தேய்ந்து கதவு தொங்கினாலும், காரின் நடுவே உடம்பு தொய்ந்தாலும், பின் விளிம்பில் தெரிவது ஒன்றேதான்: மேலே குறுகி, கீழே விரியும். பின் விளிம்பை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாறுவீர்கள். முன் மட்கார்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பாருங்கள். அது மேலே விரிந்து கீழே குறுகியிருந்தால் கதவு தன் பிணைச்சலில் சரிந்திருக்கிறது. அந்த முன் கோடு நேராகவே இருக்க, பின் கோடு மட்டும் ஆப்புப் போல் இருந்தால், கதவு தொங்கும் முன் தூணும் மட்கார்டும் கதவும் சேர்ந்தே சாய்ந்திருக்கின்றன. பிழை கதவில் இல்லை, அடியில்.

அடி என்றால் கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் இரும்புப் பெட்டி. ஆங்கிலத்தில் அதைச் 'சில்' என்பார்கள். நம் பேச்சில் சில்லு வேறு பொருள் ஆகையால் இங்கே அடிப்பெட்டி என்றே எழுதுகிறோம். எம்ஜிபியும் மிட்ஜெட்டும் தனிச் சேஸி இல்லாத உடம்பு. கூரையற்ற காரில் முன்னையும் பின்னையும் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இந்தப் பெட்டிதான். ஸ்பிட்ஃபயருக்குத் தனிச் சேஸி உண்டு, ஆனால் அது நடுமுதுகு மட்டும். பக்கங்களில் பாரம் தாங்குவது அங்கேயும் அடிப்பெட்டியே.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. ஒரு பலகையை வைத்து அடிப்பெட்டியின் முன் முனைக்கு அருகே ஜெக்கைப் போட்டுச் சில்லு தரையை விட்டு எழும்பும் வரை தூக்குங்கள். பின் இடைவெளி 1 மி.மீ.க்கு மேல் மாறினாலோ, திறந்த கதவு பிறகு சாத்த மறுத்தாலோ, அடிப்பெட்டியை உள்ளே கறள் தின்றுவிட்டது. கீழே சொல்லும் நான்கு வழியில் எதையும் தொடாதீர்கள். அந்தக் காருக்குச் செலவு அடியில்தான்.

அடுத்து, கதவைப் பாதி திறந்து பின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இன்னொருவர் பிணைச்சலுக்கு நேரே கண்ணை வைக்கட்டும். பிணைச்சலின் நடுவே செருகிய ஊசி ஆடுகிறதா? தூணின் தகடு மூச்சு விடுவதுபோல் உப்பி அமிழ்கிறதா? அல்லது கதவின் முன் முகம் வெடித்து வாய் திறக்கிறதா? ஊசி ஆடினால் முதல் வழி. தூண் அசைந்தால் தூணுக்கு வெல்டிங். கதவின் முகம் வெடித்திருந்தால் இரண்டாவது வழியிலிருந்து யோசிக்கலாம்.

## ஒரு பார்வையில்

| | பிணைச்சல் வேலை | வெளித்தகடு மாற்றல் | கழற்றிய பழைய கதவு | புதுக் கதவு |
|---|---|---|---|---|
| எப்போது | பிணைச்சல் ஊசி ஆடுகிறது, கதவு நல்லது | அடி மடிப்பு கறள், உட்சட்டம் நல்லது | உட்சட்டம் போய்விட்டது, ஒத்த மொடல் கையில் கிடைத்தது | உட்சட்டம் போய்விட்டது, நம்பும் பழையது இல்லை |
| வேலை, ஒரு கதவுக்கு | 1–2 நாள் | ஒரு வாரம், பெயின்ற் தனி | 2–4 நாள், கறள் வேலை தனி | 3–5 நாள், காத்திருப்பு தனி |
| தேவையான கை | லேத்காரர் | மடிப்புத் தட்டத் தெரிந்த டிங்கர் | இரண்டும் கொஞ்சம் | பொறுமையுள்ள டிங்கர் |
| மறைந்த செலவு | உடையும் ஆணி, உள்நட்டுத் தகடு | முறுக்கு, பக்கத்துப் பெயின்ற் | பட்டிக்குள் (நிரப்பும் பசைக்குள்) ஒளிந்த கறள் | கன அளவு எடை, சுங்கம், துளைகள் |
| திரும்பலாமா | ஆம் | இல்லை | ஆம் | ஆம், பழையதை எறியாவிட்டால் |

## முதல் வழி: இருக்கும் கதவு, திருத்திய பிணைச்சல்

செலவு குறைந்தது, திரும்பக்கூடியது, ஆகவே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது. கணக்கைப் பாருங்கள். இரண்டு பிணைச்சலுக்கும் இடைத்தூரம் 350 மி.மீ., கதவின் நீளம் ஒரு மீற்றர் என்று வையுங்கள். பிணைச்சலில் மொத்தம் அரை மில்லிமீற்றர் ஆட்டம் இருந்தால் பின் நுனியில் அது கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீற்றர் ஆகும். இரண்டு அட்டைத் தடிப்பு. கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிகிற தொங்கலுக்குப் பின்னால் கையில் உணர முடியாத அளவு தேய்வுதான் இருக்கும்.

வேலை கழற்றுவதில்தான் கஷ்டம். பல பிரிட்டிஷ் கார்களில் பிணைச்சலைப் பிடிப்பது தட்டைத் தலைப் பெரிய திருகாணிகள், ஐம்பது வருடக் கறளோடு. சாதாரணத் திருப்புளியைப் போட்டால் தலை வழுகிப் போகும், பிறகு துளைத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் நாளே ஊறும் எண்ணெய் விட்டு, மறுநாள் சுத்தியலால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவரைப் போட்டு, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு அடி, பிறகு கழற்றும் பக்கம். அசையாவிட்டால் சூடு காட்டுங்கள். ஆனால் அதற்கு முன் பக்கத்து றப்பரையும் உள் அட்டையையும் எடுத்துவிடுங்கள்.

திருப்பிப் பூட்டும்போது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. பழைய திருகாணி கெட்டுவிட்டது என்று ஹாட்வெயாரில் எட்டு மி.மீ. போல்ட்டு வாங்கிப் போடுவது. அந்தத் துளை 5/16 அங்குல யூஎன்எஃப் (நுண்புரி அங்குல அளவு), அங்குலத்துக்கு 24 புரி. 5/16 என்பது 7.94 மி.மீ. என்பதால் எட்டு மி.மீ. போல்ட்டு இரண்டு சுற்றுக் கொளுவும், 'சரிதான்' என்று தோன்றும். ஆனால் அதன் புரி 1.25 மி.மீ., அங்குலத்துக்கு இருபது சொச்சம். ஸ்பானரை நீட்டி இறுக்கினால் உள்நட்டின் புரி சப்பையாகிவிடும். அந்த நட்டு தூணுக்குள் ஒரு கூட்டுக்குள் மிதக்கும் தகடு. அதை மாற்றத் தூணை வெட்ட வேண்டும். நூறு ரூபாய்ச் சாமானால் வரும் பெரிய செலவு இது. சரியான திருகாணியைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடுங்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து வரும் அடுத்த பார்சலோடு சேர்த்து வரவழையுங்கள்.

மிதக்கும் தகடு கூட்டோடு கறள் பிடித்து ஒட்டியிருந்தால் பிணைச்சல் எந்தப் பக்கமும் நகராது. ஆணிகளைக் கழற்றிய பின் ஒரு நீண்ட போல்ட்டை அதற்குள் பூட்டி, ஆட்டிப் பாருங்கள். தகடு நாலு பக்கமும் கொஞ்சம் நகர வேண்டும். நகராவிட்டால் துளை வழியாக எண்ணெய் விட்டு, போல்ட்டின் தலையை மெதுவாக மாறி மாறித் தட்டுங்கள்.

லேத்காரரிடம் பிணைச்சலைக் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள்: பழைய ஊசியைச் சுத்தியலால் அடிக்காமல் பிரஸ்ஸில் தள்ள வேண்டும். முட்டைவடிவமாகிப் போன துளையை ரீமரால் வட்டமாக்கி, ஒன்றில் அரை மி.மீ. பருத்த ஊசி போட வேண்டும், அல்லது வெண்கலப் புஷ் (உள்ளுறை) இறக்கிப் பழைய அளவிலேயே ஊசி போட வேண்டும். புஷ்தான் மேல், பிறகு தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்கட்டும். ஊசிக்கு நல்ல உருக்கு வேண்டும், கட்டிடக் கம்பியைக் கடைந்து போட்டால் அடுத்த மாரிக்கு முன் மறுபடி தொங்கும். வார்ப்பிரும்புப் பிணைச்சல் என்றால் வெல்டிங் வேண்டாம், கணுவிலே வெடிக்கும்.

பிணைச்சல் இறுகிய பிறகுதான் வாசர்த் தகடு வைத்துச் சரிக்கட்டுவது. பிணைச்சலின் இலை தூணின் பின்முகத்தில் பொருந்தும் காரில், கீழ்ப் பிணைச்சலுக்குப் பின்னால் 1 மி.மீ. தகடு வைத்தால் பின் நுனி கிட்டத்தட்ட 3 மி.மீ. உயரும். ஆகவே தகடுகளை 0.5 மி.மீ.யில் வெட்டி வைத்திருங்கள். பால்மா ரின் தகடு மெல்லியதாக இருந்தாலும் அமர்ந்துபோகும், கறளும் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகுத் தகடு வாங்கி வெட்டுங்கள்.

கட்டை வைத்து அமத்துவது பற்றி: பிணைச்சலுக்கு நடுவே மரக்கட்டையைக் கொடுத்துக் கதவைச் சாத்தி வளைப்பது விரைவாகப் பலன் தெரியும் வித்தை. வளைவது பிணைச்சல்தானா, தூணின் தகடா என்பது உங்கள் கையில் இல்லை. கறள் பிடித்த தூணில் தகடுதான் கிழியும்.

இந்த வழி போதாத இடம் ஒன்று உண்டு. இடைவெளி கீழே மட்டும் 8 மி.மீ. என்று நின்றால் பிணைச்சலால் அதை மூட முடியாது. அங்கே கதவின் விளிம்பில் 1.6 மி.மீ. கம்பியைப் பத்து மி.மீ.க்கு ஒரு புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வெல்ட் பண்ணி ராவி எடுப்பார்கள். நல்ல வழி. பட்டியால் விளிம்பைக் கட்டி எழுப்புவது நல்ல வழியல்ல. நாலு தரம் கதவை அடித்துச் சாத்தினால் பட்டி துண்டாகக் கையில் வரும்.

## இரண்டாவது வழி: வெளித்தகடு மாற்றுவது

கதவின் அடியில் ஓர் அங்குல உயரத்துக்குக் கொப்புளம், விரலால் அழுத்தினால் கிறுக்கென்று உள்ளே போகிறது. ஆனால் உள்ளே ரோச் அடித்துப் பார்த்தால் சட்டம் முழுசாக இருக்கிறது. அந்தக் கதவுக்கு ஏற்றது இது. சட்டத்தின் அடியிலும் ஓட்டை என்றால் அடிச்சட்டத்துக்கு வேறு பட்டை வெல்ட் பண்ண வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கூலி கதவின் விலையைத் தாண்டக்கூடும், அப்போது அடுத்த இரண்டு வழியையும் கணக்குப் போடுங்கள்.

கறள் ஏன் அடியில் வருகிறது என்று தெரிந்தால்தான் வேலை நிலைக்கும். கண்ணாடியின் ஓரத்தால் மழைநீர் கதவுக்குள் இறங்குவது சாதாரணம். அது வெளியேறக் கதவின் அடியில் வடிகால் துளைகள் உண்டு. அண்டர்கோட்டும் பட்டியும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் மாரியில் கதவு ஒரு தண்ணீர்த் தொட்டி. வெளித்தகட்டின் ஓரம் உட்சட்டத்தைச் சுற்றி மடியும் மடிப்புக்குள் தண்ணீர் ஏறி நின்று உள்ளிருந்து தின்னும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

செய்யும் முறை:

கதவைக் காரில் பூட்டியே சரியான இடத்துக்குக் கொண்டு வாருங்கள், பிணைச்சல் வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும். பிறகு கழற்றி, மடிப்பின் வெளி ஓரத்தைக் கிறைண்டரால் மெல்லத் தேயுங்கள். வெளித்தகட்டின் விளிம்பு நூல்போலப் பிரிந்ததும் நிறுத்துங்கள். ஒரு வினாடி அதிகம் பிடித்தால் சட்டத்தின் விளிம்பு போய்விடும். பொட்டு வெல்டுகளைத் துளைத்துத் தகட்டை எடுத்தால் மிஞ்சும் சட்டம் பப்படம் போல் ஆடும். நான்கு மூலைக்கும் குறுக்கே இரண்டு நூல் கட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று அழுத்தாமல் நடுவில் தொட்டால் சட்டத்தில் முறுக்கு இல்லை, இடைவெளி தெரிந்தாலோ ஒன்று மற்றதை அழுத்தினாலோ முறுக்கு உண்டு. அந்த நிலையில் புதுத் தகட்டை மடித்துவிட்டால் முறுக்கு நிரந்தரம்.

சட்டத்தைக் கறள் எடுத்து, மடிப்புக்குள் வரும் இடத்தில் வெல்டிங் தாங்கும் நாகப் பூச்சு அடித்து, புதுத் தகட்டைக் கிளாம்பால் மட்டும் பிடித்து மறுபடி காரில் தொங்கவிடுங்கள். எட்டு இடத்து அட்டைகளையும் நுழைத்துப் பாருங்கள். தகட்டைச் சட்டத்தின் மேல் ஒன்று, இரண்டு மி.மீ. நகர்த்த இப்போது முடியும், மடித்த பிறகு முடியாது. மொத்த வேலையிலும் மதிப்புள்ள அரை மணித்தியாலம் இதுதான். கூலிக்காரர் தாவிப்போவதும் இதைத்தான்.

மடிப்பை ஒரே அடியில் தட்டையாக்க வேண்டாம். முதல் சுற்று முப்பது பாகை, இரண்டாவது அறுபது, மூன்றாவது தட்டை. வெளியே டேப் சுற்றிய டொலி (தாங்கிப் பிடிக்கும் இரும்பு), உள்ளே சுத்தியல், ஒவ்வொரு சுற்றும் முழு நீளத்துக்கும். ஒரு மூலையிலிருந்து முழுதாக மடித்துக்கொண்டு போனால் தகடு நகர்ந்து கடைசி மூலையில் இடைவெளி மூடிவிடும். தகடு 0.9 மி.மீ.தான், நீண்ட வெல்ட் ஓட்டினால் அலை அலையாகும். உள்மடிப்பில் 150 மி.மீ.க்கு ஒரு சின்ன டக் (புள்ளி வெல்ட்) போதும். தகடு ஒட்டும் பசை கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் இரும்பு தெரியும் எல்லா இடத்துக்கும் அன்றைக்கே எபொக்சி பிரைமர். கல்லடியில் அடுத்த நாள் என்று சொன்னால் அடுத்த நாள் கறளோடுதான் தொடங்குவீர்கள். மடிப்புக்குச் சீலர் பிரைமருக்குப் பிறகு. பெயின்ற் முடிந்ததும் உள்ளே மெழுகு தெளித்து, வடிகால் துளைகளில் கம்பி விட்டுத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கதவை மட்டும் பெயின்ற் அடித்தால் பக்கத்து மட்கார்டுகளோடு நிறம் ஒட்டாது. பழைய நிறம் வெளிறியிருக்கும். முன் பின் இரண்டு மட்கார்டிலும் நிறத்தைக் கலந்து பரப்ப வேண்டும், அதாவது ஒரு கதவுக்கு ஒரு முழுப் பக்கப் பெயின்ற். இது மூன்றாம், நான்காம் வழிக்கும் பொருந்தும். விலை கேட்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தகடு இறக்குமதியில் ஒரு வசதி: ஒரு தகட்டுப் பெட்டி 105×65×10 செ.மீ. இருந்தால், நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000 ஆல் வகுக்கும் கூரியர்க் கணக்கில் 13.7 கிலோ. உண்மையான எடை நாலு கிலோவைச் சுற்றி. கதவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை.

## மூன்றாவது வழி: வேறு காரில் கழற்றிய கதவு

பஞ்சிகாவத்தை ஜப்பான் சாமானுக்குப் பேர்போன இடம், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்க் கதவு அங்கே தொங்கிக்கொண்டிருக்காது. கிடைத்தால் பழைய கார் வைத்திருப்பவர்களின் கொட்டிலில்தான். மொடலைப் பாருங்கள். 1965 வரையான எம்ஜிபியில் இழுத்துத் திறக்கும் கைப்பிடி, அதன் பிறகு அமுக்கும் பொத்தான். 1964க்கு முந்திய மிட்ஜெட்டில் ஏற்றி இறக்கும் கண்ணாடியே கிடையாது. கதவு கதவுதானே என்று வாங்கினால் பூட்டும் கண்ணாடிச் சட்டமும் வேறாக நிற்கும்.

காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி அடி விளிம்பு முழுக்க ஓட்டுங்கள். பிடிக்காத இடம் பட்டி. உள் அட்டையைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். எம்ஜிபிக்கு முந்திய எம்ஜிஏயில் கதவின் வெளித்தகடு அலுமினியம் என்பதால் காந்தம் அங்கே உதவாது, விரலால் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும்.

உட்சட்டம் நல்ல கதவு ஒன்று நியாயமான விலையில் வந்தால் விடாதீர்கள். வெளித்தகடு கெட்டிருந்தாலும் பரவாயில்லை, சட்டம்தான் கிடைக்காத சாமான்.

## நான்காவது வழி: புதுக் கதவு

எம்ஜிபிக்காரருக்கு இது மற்றவர்களை விட இலகு. பழைய அச்சுக் கருவிகளைக் கொண்டு எம்ஜிபியின் முழு உடம்பையே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988இல் மறுபடி செய்து விற்கத் தொடங்கியது, கதவும் கிடைக்கிறது. எந்த மொடலுக்கும் விற்பவரிடம் ஒரே கேள்வி: மூல அச்சில் அடித்ததா, பார்த்துச் செய்ததா? பார்த்துச் செய்த கதவில் பக்கவாட்டு வளைவு மட்கார்டோடு சேராது, அதைத் தட்டிச் சரியாக்குவது தகடு மாற்றுவதை விடக் கஷ்டம்.

செலவை இப்படிப் பாருங்கள். பெட்டியில் வைத்த கதவு 110×70×25 செ.மீ. என்றால் கூரியர்க் கணக்கில் 38.5 கிலோ. வெறும் கதவின் உண்மையான எடை அதில் பாதியும் வராது. ஆகாய வழியில் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். கடல் வழியில் ஒருவருடைய கொள்கலனில் இடம் பிடித்தால் மலிவு, காலம் நீளும். சுங்க வரி கதவின் விலைக்கு மட்டுமல்ல, கூலியும் காப்புறுதியும் சேர்ந்த தொகைக்கு. வாங்குவதற்கு முன் துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் முழுத் தொகையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு லொறி. மூலையில் நெளிவு வராமல் இருக்க மூலைகளுக்கு ரெஜிபோம் கட்டச் சொல்லுங்கள்.

கறுப்புப் பிரைமரோடு வரும் கதவு முடிந்த கதவு அல்ல. பின்னால் பார்க்கும் கண்ணாடிக்கான துளை, அலங்காரக் கோட்டின் துளை இல்லாமல் வரலாம். பெட்டியைப் பிரித்ததும் எதையும் வெட்டாமல், அரம் தொடாமல், பிணைச்சல் போட்டுக் காரில் தொங்கவிட்டு அளவுகளைப் படமெடுங்கள். கை வைத்த பிறகு விற்றவர் திருப்பி எடுக்கமாட்டார். எடுத்தாலும் அனுப்பும் கூலி கதவின் விலைக்குக் கிட்ட வரும்.

உட்சட்டத்தில் முன் முகம் வெடித்து, பிணைச்சல் நட்டுத் தகடும் கறள் என்றால் இந்தச் செலவு நியாயம். வெறும் அடிக் கொப்புளத்துக்கு இது அதிகம்.

## எந்த வழியானாலும், பொருத்தும் வரிசை

அடிப்பெட்டி, பின் மட்கார்ட், கதவு, முன் மட்கார்ட், பொனட். இதை மாற்றாதீர்கள். பின் மட்கார்ட் உடம்போடு ஒட்டியது, நகராது. ஆகவே கதவை அதற்குச் சரிசெய்ய வேண்டும், பிறகு முன் மட்கார்ட் கதவைப் பின்பற்றும். ஸ்பிட்ஃபயரில் முன்புறம் முழுதும் ஒரே பொனட்டாக முன்னால் சாயும். அதன் பின் விளிம்பைக் கதவுக்குச் சரிசெய்வது பொனட்டின் சொந்தப் பிணைச்சலில், கதவின் பிணைச்சலில் அல்ல. அதோடு ஸ்பிட்ஃபயரில் உடம்பும் சேஸியும் சேரும் போல்ட்டுகளின் கீழ் உள்ள அடைப்புத் தகடுகளும் கதவு இடைவெளியை மாற்றும். அவை கழன்றிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவின் பூட்டு வந்து கொளுவும் தூணிலுள்ள துண்டை, கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஸ்ட்ரைக்கர் இருந்தால் அது கதவைத் தூக்கிப் பிடித்துப் பொய் சொல்லும். கதவு தானாகவே சரியான இடத்தில் நிற்கும் வரை அதைப் பூட்டக் கூடாது. பிறகு பூட்டி, கதவு ஸ்ட்ரைக்கரில் ஏறாமலும் இறங்காமலும் நேரே போய்க் கொளுவும்படி வையுங்கள்.

வெறும் இரும்பில் 5 மி.மீ. வைத்தால் பெயின்றுக்குப் பிறகு 4.5 மி.மீ. எதிரெதிர் விளிம்பு இரண்டிலும் பிரைமர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து கால் மில்லிமீற்றர் வீதம் ஏறும்.

அடிப்பெட்டி வெட்ட வேண்டிய காரில், வெட்டுவதற்கு முன் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே 25 மி.மீ. பெட்டி இரும்பால், நீளம் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு தாங்கு போடுங்கள். ஒரு பக்கத்தை முடித்து, கதவைத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே மற்றப் பக்கத்தைத் தொடுங்கள்.

கடைசியில் றப்பர். புதிதாக வரும் பீடிங் றப்பர்களில் பல, பழையதை விடத் தடிப்பும் இறுக்கமும் கூடியவை. அதைப் போட்டதும் பின் கீழ் மூலை மூன்று, நான்கு மி.மீ. வெளியே நிற்கும். உடனே ஸ்ட்ரைக்கரை உள்ளே தள்ளுவார்கள், கதவை அறைந்து சாத்த வேண்டி வரும், இரண்டு மாதத்தில் பிணைச்சல் மறுபடி ஆடும். பெயின்ற் அடிப்பதற்கு முன்னரே வாங்கிய அதே றப்பரை ஒட்டாமல் வைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டை றப்பருக்கும் கதவுக்கும் நடுவே வைத்து இழுத்தால் சற்று இறுக்கமாக, கிழியாமல் வர வேண்டும். கிழிந்தால் றப்பரை மாற்றுங்கள், கதவை வளைக்க வேண்டாம்.